பாறைக்கு இட்ட மதிப்பெண்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில் மாவனல்லையைக் கடந்து மலையேறத் தொடங்கியதும், கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியை அண்மிக்கும் இடத்தில், வீதியோரமாக ஒரு பாறை துளைபட்டு நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். இப்போதைய வீதி அதனை விலகிக்கொண்டு செல்கின்றது. பழைய வீதியோ அந்தத் துளையின் ஊடாகவே சென்றது. ஆள்பதி எட்வேட் பாண்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் என்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் அவ்வீதி அமைக்கப்பட்டது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி பணியும் என்று பழைய வழக்கு ஒன்று இருந்ததாகக் கூறுவர். உண்மையில் கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டிலேயே வீழ்ந்துவிட்டது. பாறை துளைபட்டது அதற்குப் பின்னர்தான். ஆயினும் கதைகள் ஆண்டுக் கணக்குப் பார்ப்பதில்லை.

நாம் தமிழ் கற்பிக்கும் பாடசாலையிலிருந்து பிள்ளைகளைக் கண்டிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போதெல்லாம் அவ்விடத்தில் பஸ்ஸை நிறுத்துவது வழக்கம். துளையின் வரலாற்றைச் சொல்வோம். 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியதையும், இறம்புக்கனைக்கு மேலுள்ள மலைச்சரிவில் சுரங்கம் சுரங்கமாகப் பாறை குடைந்து பாதை போடப்பட்டதையும், அந்த வேலைகளுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகளுள் எத்தனையோ பேர் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டதையும் சொல்வோம். கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் இருக்கின்றது. கூலிகளுக்கு ஒரு கல்லுமில்லை. இதனை நாம் ஒவ்வோர் ஆண்டும் தவறாமற் சொல்லிவந்தோம். சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததென்று பஸ்ஸிலேறி வந்தோம்.

ஓர் ஆண்டு, ஏழாம் வகுப்புச் சிறுமியொருத்தி அத்துளையின் நடுவே நின்று மேலே நோக்கி, "சேர், இது ஏன் விழாம நிக்குது?" என்று கேட்டாள். "கல் உறுதியானது, அதனால் நிற்கிறது" என்றோம். அவள் தலையசைத்தாள். அது தவறான விடை என்பதை நாம் அறியப் பல ஆண்டுகள் சென்றன. அறிவித்தவன் ஒரு பேராசிரியனல்லன். தமிழிலும் கணிதத்திலும் தேறாதவன் என்று நாமே முத்திரை குத்தி அனுப்பிய பழைய மாணவன் ஒருவன்.

அவனுடைய தாய் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவள். தந்தை இல்லை. விடியுமுன் தாய் மலைக்குச் சென்றுவிடுவாள். தங்கையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, நான்கு மைல் நடந்து அவன் பாடசாலைக்கு வருவான். பெரும்பாலும் முதற் பாடவேளை முடிந்திருக்கும். வகுப்பின் கடைசி வாங்கில், சுவரோரமாக அமர்ந்திருப்பான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னோடியாக நாம் நடத்திய தேர்வில் அவனுக்குத் தமிழில் 31 புள்ளி கிடைத்தது. முன்னேற்ற அறிக்கையில், "கவனம் போதாது, மேற்படிப்புக்கு உகந்தவரல்லர்" என்று எழுதினோம். எழுதிய கை நமது கை. பரீட்சையிலும் அவன் தேறவில்லை. பின்னர் பதுளைப் பக்கம் போனான், கொழும்பில் கட்டட வேலை செய்தான் என்றெல்லாம் செய்தி வந்தது. பிறகு செய்தியுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பொங்கல் நாளில் அவன் எமது வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பார்சல் சீனியும் தேயிலையும். முகம் முதிர்ந்திருந்தது, வலக்காதின் கீழே கல் சிதறிக் கீறிய தழும்பு. மலைநாட்டில் ஒரு நீர்மின் திட்டத்துக்காகக் குடையப்பட்ட சுரங்கத்தில் மூன்றாண்டுகள் வேலை செய்ததாகவும், இப்போது அவ்வேலை இல்லையென்றும் சொன்னான். திட்டத்தின் பெயரும் ஒப்பந்தக்காரரின் பெயரும் இங்கு வேண்டா. அவன் கேட்க வந்தது ஒரு கேள்வி. அதைக் கேட்குமுன், தான் வேலை செய்த விதத்தை எமக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்று எண்ணினான் போலும். பொங்கற் பானை ஆறும்வரை திண்ணையிலிருந்து பேசினான்.

சுரங்கத்தை வெடிவைத்து முன்னேற்றுவார்கள். பாறையில் துளையிட்டு, மருந்து நிரப்பி, வெடித்து, புகையை வெளியேற்றி, தொங்கும் கற்களைக் கம்பியால் நெம்பி வீழ்த்தி, உடைந்த கல்லை அள்ளிய பின்னர், புதிதாகத் திறந்த பாறைமுகத்தின் எதிரே ஒருவர் வந்து நிற்பார். அவர் புவிச்சரிதவியலாளர். கையிலே சுத்தியல், திசைகாட்டி, ஒரு தாள். சுத்தியலால் தட்டுவார், வெடிப்புகளை அளப்பார், நீர் கசியும் இடத்தைக் குறிப்பார். பின்னர் அந்தப் பாறைக்குப் புள்ளியிடுவார். "நீங்க எங்களுக்குப் போடற மாதிரியே சேர், நூத்துக்கு" என்றான் அவன், சிரித்துக்கொண்டு. நாம் சிரிக்கவில்லை.

அவனுடைய வேலை அவருக்கு விளக்குப் பிடிப்பது. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது. எண்களை அவர் வாய்விட்டுச் சொல்லி எழுதுவாராம். மூன்றாண்டுகள் கேட்டுக் கேட்டு, அத்தாளின் நிரல்கள் அனைத்தும் அவனுக்கு மனப்பாடமாகிவிட்டன. எமது கொப்பியொன்றை வாங்கி, பின்னட்டையில் அவற்றை எழுதிக் காட்டினான்.

ஆறு கேள்விகள். முதலாவது, கல் எவ்வளவு உறுதியானது? அதற்கு அதிகபட்சம் 15 புள்ளி. இரண்டாவது, துளைத்தெடுத்த பாறைத்தண்டில் பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறையாத நீளமுள்ள துண்டுகள் நூற்றுக்கு எத்தனை பங்கு? அதற்கு 20. மூன்றாவது, வெடிப்புக்கும் வெடிப்புக்கும் இடையே எவ்வளவு தூரம்? அதற்கு 20. நான்காவது, அந்த வெடிப்பின் நிலை என்ன. சொரசொரப்பாக இறுகியிருக்கிறதா, வழுவழுப்பாகி இடையில் களிமண் புகுந்திருக்கிறதா? அதற்கு 30. ஐந்தாவது, நீர், உலர்ந்திருக்கிறதா, ஈரமா, சொட்டுகிறதா, ஓடுகிறதா? அதற்கு 15. கூட்டினால் 100. ஆறாவது கேள்விக்குப் புள்ளியில்லை, கழிவு மட்டுமே உண்டு. வெடிப்புகள் எத்திசையில் சாய்ந்திருக்கின்றன, சுரங்கம் எத்திசையில் செல்கின்றது என்பதைப் பார்த்து, பாதகமாயின் 12 வரை குறைப்பார்கள்.

கல்லின் உறுதிக்கு நூற்றில் வெறும் பதினைந்துதான்! கல் உறுதியாயிருப்பதனால் துளை நிற்கிறது என்று ஆண்டாண்டாய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த எமக்கு அது பெரிய அடியாயிருந்தது. சுரங்கம் நிற்பதும் வீழ்வதும் கல்லினால் அன்று. கல்லும் கல்லும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றியிருக்கின்றன என்பதனாலேயே ஆகும். அதனாலேதான் பொறியியலார் பாறை என்னாது பாறைத்திரள் என்கிறார்கள்.

அவன் ஓர் உதாரணமும் எழுதினான். ஒரு நாள் பாறைமுகத்துக்குக் கிடைத்தவை: உறுதிக்கு 12, தண்டுக்கு 13, இடைவெளிக்கு 10, வெடிப்பின் நிலைக்கு 20, நீருக்கு 7. கூட்டுத்தொகை 62, திசைக்காகக் கழித்தது 10, மிகுதி 52. சில நாட்களின் பின், சில மீற்றர் தள்ளி, அதே கல்லில்: உறுதிக்கு 12, தண்டுக்கு 8, இடைவெளிக்கு 8, வெடிப்பின் நிலைக்கு 10, நீருக்கு 4. கூட்டுத்தொகை 42, கழிவு 10, மிகுதி 32. கல் மாறவில்லை. உறுதிக்கான 12 அப்படியே இருந்தது. மாறியவை வெடிப்பும் நீரும்.

அவன் சென்ற பின்னர் இவ்விடயத்தை நாம் தேடிப் படித்தோம். பேராதனையில் எம்முடன் ஒரே காலத்தில் பயின்று பொறியியலாளரான நண்பரொருவர் நூல்கள் தந்து உதவினார். தமிழிலே பட்டம் பெற்றவனுக்கு இது தேவையா என்று அவர் கேட்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி.

பாறைத்திரளை வகுத்துக் கூறும் முயற்சி அண்மைக்காலத்தது. 1946இல் டெர்சாகி என்பார், பாறையின் நிலையைச் சொற்களால் விவரித்து, அதற்கேற்ப இரும்பு வளைவுகள் எவ்வளவு பாரத்தைத் தாங்கவேண்டும் என்று வகுத்தார். 1958இல் ஒஸ்திரிய நாட்டவரான லவ்பர், தாங்கலற்ற பாறைக்கூரை எவ்வளவு நேரம் தானாக நிற்கும் என்ற கேள்வியை முன்வைத்தார். துளைத்தண்டைக் கொண்டு தரம் அளக்கும் முறையை 1960களில் அமெரிக்கரான டீர் ஆக்கினார். இவற்றையெல்லாம் சேர்த்து, நூற்றுக்குப் புள்ளியிடும் முறையைத் தென்னாபிரிக்காவிலிருந்து பினியாவ்ஸ்கி 1973இல் வெளியிட்டார், 1989இல் திருத்தினார். எமது மாணவன் கொப்பியட்டையில் எழுதியது அந்தத் திருத்திய முறையே. 1974இல் நோர்வேயில் பணியாற்றிய பார்ட்டன், லியன், லுண்டே ஆகிய மூவரும் மற்றொரு முறையைத் தந்தனர். அவர்கள் கூட்டவில்லை, வகுத்துப் பெருக்கினர். அதன் விடை ஆயிரத்திலொரு பங்கிலிருந்து ஆயிரம் வரை விரிவது. இவர்கள் எவரும் மேசையில் அமர்ந்து கற்பனையால் எண் படைத்தவரல்லர். நோர்வே முறைக்கு ஆதாரமாயிருந்தவை ஏறத்தாழ இருநூறு சுரங்கங்களினதும் நிலக்குகைகளினதும் வரலாறுகள். எங்கே பாறை நின்றது, எங்கே வீழ்ந்தது, எந்தத் தாங்கல் போதியது என்று பார்த்துப் பார்த்துச் செய்த கணக்கு அது.

புள்ளியிட்ட பின்னர் வகுப்புப் பிரிப்பார்கள். 81க்கு மேல் மிக நல்லது; 61இலிருந்து 80 வரை நல்லது; 41இலிருந்து 60 வரை நடுத்தரம்; 21இலிருந்து 40 வரை மோசமானது; அதற்குக் கீழ் மிக மோசமானது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நேரம் உண்டு. மிக நல்ல பாறையில் 15 மீற்றர் அகலக் கூரை 20 ஆண்டுகள் தாங்கலின்றி நிற்கும். நல்ல பாறையில் 10 மீற்றர் ஓராண்டு. நடுத்தரத்தில் 5 மீற்றர் ஒரு வாரம். மோசமானதில் இரண்டரை மீற்றர் பத்து மணித்தியாலம். மிக மோசமானதில் ஒரு மீற்றர் அரை மணித்தியாலம். இவை சராசரிக் கணக்குகளே.

இனி அவனுடைய கேள்விக்கு வருவோம்.

பாறைமுகம் 52இலிருந்து 32க்கு இறங்கிய அன்று, புவிச்சரிதவியலாளர் தாளில் ஒப்பமிட்டுத் தந்துவிட்டு வெளியே சென்றார். அவ்வகுப்புக்கு விதிக்கப்பட்ட தாங்கல்களை அவனும் அறிவான். சிறிது சிறிதாக, ஒன்று ஒன்றரை மீற்றராக முன்னேற வேண்டும். குடையக் குடையவே தாங்கலும் ஏறவேண்டும். நாலைந்து மீற்றர் நீளப் பாறை ஆணிகள், கம்பி வலை, அதன்மேல் ஷொட்கிரீட் எனப்படும் பீச்சிய சீமெந்துக் கலவை, இடையிடையே இரும்பு வளைவு. அன்று கலவை பீச்சும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. அது திருந்தும்வரை காத்திருந்தால் ஒரு நாள் வேலை போய்விடும். மேற்பார்வையாளர், கூரையை அப்படியே விட்டு அடுத்த வெடிக்குத் துளையிடுமாறு சொன்னார். காலையில் திறந்த கூரை. அப்போது மாலை ஆறு மணி.

அவன் கணக்குப் பார்த்திருக்கிறான். "ரெண்டரை மீட்டருக்குத்தான் சேர் பத்து மணி நேரம். எங்க சுரங்கம் அத விட அகலம். அகலம் கூடினா நேரம் கொறையணும் இல்லீங்களா?" கணிதத்தில் தேறாதவன் என்று நாம் அனுப்பிய பிள்ளையின் வாயிலிருந்து வந்த கணக்கு இது. உள்ளே போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். அவனோடு இன்னும் இருவர் நின்றனர். மற்றவர்கள் உள்ளே சென்று துளையிட்டு வெடிவைத்தார்கள்.

கூரை விழவில்லை.

மறுநாள் இயந்திரம் திருந்தியது, கலவை பூசப்பட்டது, வேலை தொடர்ந்தது. அவனையும் மற்ற இருவரையும் இனி வரவேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். உள்ளே சென்றவர்கள் அவனைப் பயந்தவன் என்று ஏளனம் செய்தனராம். தாய்க்கு அனுப்பும் பணம் நின்றுபோயிற்று. தங்கையின் படிப்பு நடுவழியில் நின்றது. "நான் செஞ்சது தப்புங்களா சேர்?" இதுதான் அவன் கேட்க வந்த கேள்வி.

கூரை விழுந்திருந்தால் விடை எளிது. அவனை வீரன் என்றிருப்பார்கள். வீழாத கூரையின் கீழ் நுழைய மறுத்தவனுக்கு உலகில் மதிப்பில்லை. அன்று திண்ணையில் நாம் ஏதோ ஆறுதல் சொன்னோம். "உயிர்தானே பெரிது" என்றோம். அது அவன் கேள்விக்கு விடையன்று. அவன் கோழையா என்று கேட்கவில்லை. கணக்குப் பிழையா என்று கேட்டான்.

கணக்குப் பிழையன்று என்று இன்று எழுதுகிறோம். 32 என்ற எண், இன்ன மணிக்குக் கூரை விழும் என்று கூறும் சாத்திரமன்று. இவ்வாறான கூரைகள் பலவற்றுள் எத்தனை நின்றன, எவ்வளவு நேரம் நின்றன என்று கண்டவர்கள் அடுத்தவனுக்கு விட்டுச் சென்ற சாட்சியம் அது. நூறு கூரைகளுள் ஒன்று நின்றதால் அச்சாட்சியம் பொய்யாகிவிடாது. அன்றிரவு நின்ற கூரை, மறுப்பவன் தவறியவன் என்பதற்குச் சான்றாகாது. உள்ளே சென்றவர்களின் உயிரைப் பணயம் வைத்து ஒருவர் ஒரு நாள் வேலையை மிச்சம் பிடித்தார் என்பதற்கே அது சான்று. பணயம் வைத்தவர் வெளியே நின்றார். பணயமானவர்கள் உள்ளே நின்றார்கள்.

இந்த முறைகளில் குறையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே பாறைக்கு இருவர் இருவேறு புள்ளியிடக்கூடும். விடைத்தாள் திருத்தும் எவர்க்கும் இது புதிதன்று. இரண்டு முறைகளையேனும் வைத்துப் பார்க்கவேண்டும், எண்ணை மட்டும் நம்பாமல் பாறையின் அசைவைக் கருவியால் அளந்துகொண்டே செல்லவேண்டும் என்று அறிந்தோர் வற்புறுத்துகின்றனர். எண் என்பது கண்ணுக்குத் துணை, கண்ணுக்குப் பதிலன்று.

அவன் போன பின்னர் எம்மை உறங்கவிடாது செய்தது வேறொன்று. கொப்பியட்டையில் அவன் எழுதிய நிரல்களை மறுபடி பார்த்தோம். மிக நல்ல பாறைக்கு, தனித்தனி இடங்களில் ஓர் ஆணி தவிர, பொதுவாகத் தாங்கல் வேண்டியதில்லை. நல்ல பாறைக்கு ஆங்காங்கே மூன்று மீற்றர் ஆணி. மோசமான பாறைக்கு நாலைந்து மீற்றர் ஆணி, நெருக்கமாக. மிக மோசமான பாறைக்கு ஐந்தாறு மீற்றர் ஆணி, தடித்த கலவை, முக்கால் மீற்றருக்கொரு இரும்பு வளைவு. புள்ளி குறையக் குறையத் தாங்கல் கூடுகின்றது. புள்ளியிடுவதன் நோக்கமே அதுதான். எந்தப் பாறைக்கு எவ்வளவு கைகொடுக்க வேண்டும் என்பதை அறிதல்.

நாமும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் புள்ளியிட்டு வருகின்றோம். 75க்கு மேற்பட்ட பிள்ளையை முன்வாங்கில் வைத்தோம், மாலை வகுப்பு வைத்தோம், போட்டிகளுக்கு அனுப்பினோம், எமது சொந்த நூல்களை இரவல் கொடுத்தோம். 35க்குக் கீழ்ப்பட்டவனைச் சுவரோரம் வைத்தோம். நிற்கக்கூடிய பாறைக்கு ஆணியடித்தோம். விழக்கூடிய பாறையை விட்டுவிட்டு வெளியேறினோம். சுரங்கத்தில் ஒருவர் இவ்வாறு செய்தால் அவரைக் குற்றவாளி என்பர். பாடசாலையில் செய்தால் நல்ல பெறுபேறு காட்டிய ஆசிரியர் என்கின்றனர்.

அவனுக்கு 31 இட்டபோது நாம் கேட்டது ஒரு கேள்விதான்: கல் உறுதியானதா? வெடிப்பின் நிலை என்ன என்று கேட்கவில்லை. விடியற்காலையில் தங்கையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு நடந்ததைக் கேட்கவில்லை. லயத்துக் காம்பராவில் எங்கே விளக்கு, எங்கே மேசை, மழைநாளில் கூரை எங்கே ஒழுகுகிறது என்று கேட்கவில்லை. நூற்றில் பதினைந்து புள்ளிக்குரிய கேள்வியைக் கேட்டுவிட்டு, நூறுக்கும் தீர்ப்புச் சொன்னோம்.

இது எமது பாடசாலையோடு முடிகிற விடயமன்று. மலைச்சரிவுகளுக்கும் எமது நாட்டில் புள்ளியிடுகிறார்கள். மண்சரிவு அபாயத்தைக் கணிக்கத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆறு விடயங்களைப் பார்க்கின்றது: அடிப்பாறை, நீரோட்டம், மேற்படிந்த மண், சரிவின் கோணம், நிலப்பயன்பாடு, நிலத்தின் உருவம். இவற்றுக்கும் கூட்டுத்தொகை நூறுதான். இங்கே புள்ளி ஏறினால் அபாயம் ஏறும். அதனைக் கொண்டு வரைந்த படங்கள் கேகாலை மாவட்டத்துக்கும் உண்டு, இரத்தினபுரிக்கும் உண்டு, பதுளைக்கும் உண்டு. படம் வரைந்தவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். அதன் பின்னர் ஏறவேண்டிய தாங்கல் எங்கே?

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மலை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னமே இருந்தது. 2016 மே 17ஆம் நாள் எமக்கு அயலிலுள்ள அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை விழுங்கியது. மாண்டவரும் காணாமற் போனவரும் நூற்றுக்கு மேல். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்தில் லயத்துக் குடும்பங்கள் மண்ணுள் புதைந்தன. அரநாயக்கவில் மாண்டவர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். களுபஹனவில் மாண்டவர் தமிழ்த் தோட்டத்தவர். மலை இனம் பார்க்கவில்லை, ஏழையைப் பார்த்தது. 2025 நவம்பரில் எமது கண்ணெதிரே, பஹல கடுகண்ணாவையில், பெருவீதியோரத்திலேயே மலை இடிந்து உயிர்களைக் கொண்டு சென்றது.

மழை பிடித்ததும் தோட்டங்களுக்கு அறிவித்தல் வரும்: இடம்பெயருங்கள். எங்கே இடம்பெயர்வது? கிராமத்தவனுக்கு ஒரு துண்டுக் காணியேனும் சொந்தமாயிருக்கும். உறவினன் வீடு ஒன்று இருக்கும். லயத்தவனுக்குத் தான் நிற்கும் நிலமே சொந்தமில்லை. எமது பாடசாலை மண்டபத்தில் மூன்று நாள் தங்குவார்கள். நாம் அரிசியும் பருப்பும் சேர்ப்போம். மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்பிச் செல்வார்கள். அபாயமென்று புள்ளியிட்டாயிற்று, நேரமும் சொல்லியாயிற்று, ஆணி மட்டும் அடிக்கப்படவில்லை. தாங்கலற்ற கூரையின் கீழ் அவர்களை அனுப்புவது யார்? ஒரு மேற்பார்வையாளரின் பெயரைச் சொல்லித் தப்பிக்கொள்ள இங்கே வழியில்லை. நாமெல்லோரும் வெளியே நிற்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புள்ளித்தாளில் இல்லாத கேள்விகளும் உண்டு. உமா ஓயாத் திட்டம் ஊவாவில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கமொன்றைக் கொண்டது. 2014 டிசெம்பரில் அச்சுரங்கத்துள் பெருவெள்ளமாக நிலநீர் பாய்ந்தது. சுரங்கத்துள் நின்றவர்களுக்கு அது வேலைத் தடங்கல். மேலே பண்டாரவளைப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கோ கிணறுகள் வற்றின, ஊற்றுகள் மறைந்தன, ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு வந்தனர். திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. 120 மெகாவாற்று மின்சாரம் தருகிறது. வறண்ட தென்கிழக்குக்கு நீரும் தருகிறது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் நீருக்கென்றுள்ள 15 புள்ளியும் சுரங்கத்துக்குள் வரும் நீரைப் பற்றியதே. எவருடைய கிணற்றிலிருந்து அந்த நீர் வருகிறது என்று கேட்கும் நிரல் அதில் இல்லை. எமது சப்ரகமுவையில் சமனலவாவியிலும் நிலத்தின் உள்வெடிப்புகள் பாடம் கற்பித்தன. 1992இல் வலக்கரை மலையினுள்ளிருந்து நீர் பீறிட்டு வெளிவந்தது. அணை உறுதியாய் நின்றது; அணையைத் தாங்கிய மலையின் வெடிப்புகளூடாக நீர் வழி கண்டுகொண்டது.

அறிவியலைக் குறைகூற இதனை எழுதவில்லை. கேட்கத் தெரிந்த அறிவியலே இத்துறையில் எமக்குப் பிடித்தது. ஒரு பாறையிடம் ஆறு கேள்வி கேட்காமல் அதன் கீழ் மனிதனை அனுப்பாதே என்று அது சொல்கிறது. மனிதனைப் பற்றிய கேள்விகளை அத்தாளிலே சேர்க்கவேண்டியது பாறை அறிந்தவர்களின் வேலை மட்டுமன்று.

எமது மாணவன் இப்போது கண்டிக்கு அப்பால் ஒரு கிணறு தோண்டும் குழுவில் வேலை செய்கிறான். தங்கை மீண்டும் பாடசாலைக்கு வருகிறாள். எமது வகுப்பில், முன்வாங்கில். நாம் அவனுக்குக் கடிதம் எழுதினோம். கணக்குச் சரி என்று எழுதினோம். உனக்கு நாம் இட்ட 31தான் பிழை என்றும் எழுதினோம். பதில் வந்தது, நான்கே வரி. எழுத்துப் பிழை மூன்று இருந்தன. கையில் சிவப்புப் பேனா இருந்தும் திருத்த மனம் வரவில்லை.

புள்ளியேட்டில் இப்போது ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் மேலும் ஒரு நிரல் வரைந்திருக்கிறோம். 35க்குக் கீழ் எவருக்கேனும் வந்தால், அந்த நிரலில் அப்பிள்ளைக்கு இந்த மாதம் நாம் செய்யவேண்டியதை எழுதவேண்டும். எழுதாமல் ஏட்டை மூடுவதில்லை என்பது எமக்கு நாமே இட்ட விதி. பல மாதங்களில் அந்நிரல் எமக்கு வெட்கத்தையே தருகிறது.

சென்ற முறை கடுகண்ணாவையில் பஸ்ஸை நிறுத்தியபோது வேறொரு சிறுவன் அதே கேள்வியைக் கேட்டான். கல் உறுதியானது என்று சொல்லவில்லை. அவனை அருகே அழைத்து, பாறையின் வெடிப்பொன்றில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னோம். "ஈரமா இருக்கா?" என்று கேட்டோம். அவன் விரலை எடுத்துப் பார்த்து, "கொஞ்சம் ஈரம், சேர்" என்றான்.